மலைக்கென்று வாங்கிய காசு மலைக்கே வரட்டும்: நீலகிரி, கொடைக்கானல் நுழைவுக் கட்டணம் குறித்து ஒரு திறந்த மடல்

பெறுநர்:
சுற்றுச்சூழல், காலநிலை மாற்றம், வனத்துறைச் செயலர், தமிழ்நாடு அரசு;
நீலகிரி, திண்டுக்கல் மாவட்ட ஆட்சியர்கள்;
உதகை, கொடைக்கானல் நகராட்சிகள்

மதிப்பிற்குரியீர், வணக்கம்.

மலைக்கு வரும் சுற்றுலா வண்டியிடம் காசு வாங்கலாமா கூடாதா என்ற விவாதம் முடிந்துபோன விவாதம். ஏற்கெனவே வாங்கிக்கொண்டுதான் இருக்கிறோம். அடிவாரத்தில் பசுமை வரி, ஊருக்குள் நகராட்சியின் பார்க்கிங், தாவரவியல் பூங்காவில் தோட்டக்கலைத் துறைச் சீட்டு, படகுத் துறையில் சுற்றுலா வளர்ச்சிக் கழகச் சீட்டு, காட்சிமுனையில் வனத்துறைச் சீட்டு. கொடைக்கானலில் வெள்ளி நீர்வீழ்ச்சி அருகே நகராட்சிச் சுங்கம் தனி. ஒரு குடும்பம் இரண்டு நாளில் நாலைந்து துறைகளிடம் சீட்டு வாங்கிவிட்டு இறங்குகிறது. இதில் எந்தச் சீட்டின் காசு எந்தக் காட்டில், அயல் களையான உண்ணிச்செடியின் (லண்டானா) எந்தப் புதரைப் பிடுங்கியது என்று கேட்டால் பதில் சொல்ல யாரிடமும் கணக்கு இல்லை. இந்த மடல் அந்தக் கணக்கைப் பற்றியது.

சென்னை உயர்நீதிமன்றத்தின் ஆணைப்படி 2024 மே 7 முதல் இரு மலைகளுக்கும், வண்டிகள் முன்கூட்டியே இணையத்தில் எடுக்க வேண்டிய இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரையிலான சீசனுக்கு நீதிமன்றம் உச்சவரம்பும் வைத்தது: நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. உள்ளூர் வண்டிகளுக்கும் அரசுப் பேருந்துக்கும் ரயிலுக்கும் விளைபொருள் வண்டிகளுக்கும் விலக்கு. மலை எவ்வளவு தாங்கும் என்று கணக்கிடும் பணி சென்னை ஐ.ஐ.டி.யிடமும் பெங்களூரு ஐ.ஐ.எம்.மிடமும் போனது. கட்டணம் பற்றிப் பேசுவதற்கு இதைவிட நல்ல அடித்தளம் கிடைக்காது. வண்டி எண், ஆள் எண்ணிக்கை, வரும் நாள், தங்கும் இடம் எல்லாம் பயணம் தொடங்கும் முன்பே அரசிடம் வந்துவிடுகின்றன. கட்டணத்தை அந்தப் படிவத்தின் கடைசிக் கட்டமாகச் சேர்த்தால் போதும். புதிதாக ஒரு சாவடி கட்ட வேண்டியதில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். உச்சவரம்புக்குப் பதிலாகக் கட்டணம் என்று யாராவது யோசனை சொன்னால் ஏற்காதீர்கள். கூட்டத்தைக் குறைக்கிற அளவுக்குக் கட்டணம் வைத்தால் வசதியுள்ளவர் மட்டும் ஏறுவார். ஏழை கீழேயே நிற்பார். ருவாண்டா 2017இல் மலைக் கொரில்லா பார்க்கும் அனுமதியை 750 டாலரிலிருந்து 1,500 டாலராக்கியது. அங்கே ஒரு கொரில்லாக் கூட்டத்துக்கு ஒரு நாளில் 8 பேர், ஒரு மணி நேரம் என்பது முன்பே கறாராக வகுத்த விதி. ஆக, அங்கேயும் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவது விதிதான், விலை இல்லை. தொட்டபெட்டாவுக்கு அந்த மாதிரி விலை பொருந்தாது, பொருந்தவும் கூடாது. எத்தனை வண்டி என்பதை மலையின் தாங்குதிறன் முடிவு செய்யட்டும். வரும் வண்டி விட்டுச்செல்லும் தேய்மானத்துக்கு ஈடு வாங்குவதுதான் கட்டணத்தின் வேலை.

எவ்வளவு வாங்கலாம்? எங்கள் யோசனை இது: இருசக்கர வண்டிக்கு 50 ரூபாய், காருக்கு 100, ஏழு பேருக்கு மேல் ஏறும் வண்டிக்கும் வேனுக்கும் 200, தனியார் சுற்றுலாப் பேருந்துக்கு 500. பேருந்துக்கு 500 என்பது கேட்க அதிகமாக இருக்கும். 50 பேருக்குப் பகிர்ந்தால் தலைக்குப் பத்து ரூபாய். காரில் நாலு பேர் வந்தால் தலைக்கு 25. கூட்டாக வருபவருக்குக் குறைவாகவும் தனித்தனி வண்டியில் வருபவருக்குக் கூடுதலாகவும் விழ வேண்டும், அவ்வளவுதான். அரசுப் பேருந்திலும் மலை ரயிலிலும் வருபவருக்கு எதுவும் வேண்டாம். மின்சார வண்டிக்கு முழு விலக்குக் கேட்கிறார்கள், தர வேண்டாம். புகை விடாது என்பது உண்மைதான். ஆனால் கொண்டை ஊசி வளைவில் அதே அகலத்தைத்தான் அடைக்கிறது, மண்மேட்டில் அதே டயர்த் தடத்தைத்தான் பதிக்கிறது. பாதிக் கட்டணம் நியாயம். சனி, ஞாயிறு, மே மாதம், தொடர்விடுமுறை நாட்களில் இரட்டிப்பு. செவ்வாய்க்கிழமை வரக்கூடியவரைச் செவ்வாய்க்கிழமை வரவைக்க இதைவிட எளிய வழி இல்லை.

பதிவெண்ணைப் பார்த்து வெளிமாநில வண்டிக்கு மட்டும் கட்டணம் என்பதும் சரிப்படாது. மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் காரும் மைசூரிலிருந்து வரும் காரும் மலைக்குத் தரும் பாரம் ஒன்றே. உள்ளூர் விலக்கையும் பதிவெண்ணை வைத்து முடிவு செய்யாதீர்கள். நீலகிரிக்கு டிஎன் 43 என்பது ஓரளவு பொருந்தும்; அங்கேயும் கோவையில் வாங்கிப் பதிந்த வண்டியோடு குன்னூரில் குடியிருப்பவர்கள் ஏராளம். கொடைக்கானல் நிலைமை இன்னும் மோசம். திண்டுக்கல்லின் டிஎன் 57 சமவெளி வண்டிகளுக்கும் பொது. அந்த எண்ணை வைத்து விலக்கு கொடுத்தால் திண்டுக்கல் நகரத்துச் சுற்றுலா வேன் எல்லாம் உள்ளூர் வண்டியாகிவிடும். முகவரிச் சான்றை ஒருமுறை காட்டி வாங்கும் உள்ளூர்ப் பாஸ்தான் தீர்வு. அது ஏற்கெனவே நடைமுறையில் இருக்கிறது; வாடகைக்கு ஓடும் வண்டிக்கு மட்டும் அதில் தனி வகை வையுங்கள்.

இனி வரவைப் பார்ப்போம். 2025 சீசனின் உச்சவரம்பையே எடுத்துக்கொள்வோம். நீலகிரிக்கு வாரத்தில் ஐந்து நாள் 6,000, இரண்டு நாள் 8,000. மொத்தம் 46,000 வண்டி. கொடைக்கானலுக்கு இதே கணக்கில் 32,000. இரண்டும் சேர்த்து வாரம் 78,000. சீசன் 13 வாரம். வரம்பு முழுவதும் நிரம்பி, வண்டிக்குச் சராசரி 100 ரூபாய் வந்தால் 10 கோடியே 14 லட்சம். எல்லா நாளும் நிரம்பாது. முக்கால்வாசி என்று வைத்தாலும் ஏழரைக் கோடி வரும். மீதி ஒன்பது மாத வரவு இதில் சேரவில்லை.

இந்தத் தொகை என்ன செய்யும்? ஒரு வேட்டைத் தடுப்புக் காவலருக்கு மாதம் 15,000 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு 1 லட்சத்து 80 ஆயிரம். 150 பேருக்கு 2 கோடியே 70 லட்சம். ஆனால் இந்தக் காசில் நிரந்தரச் சம்பளம் கொடுக்கவே கூடாது என்பது எங்கள் கருத்து. 2020இல் பொதுமுடக்கம் வந்தபோது மலைப்பாதையில் சுற்றுலா வண்டியே இல்லை. அப்படி ஒரு ஆண்டு மறுபடி வந்தால் காட்டைக் காப்பவருக்குச் சம்பளம் நின்றுபோகும். சம்பளம் நிற்கும் மாதத்தில் கள்ளவேட்டை நிற்காது. சம்பளம் அரசு பட்ஜெட்டில் இருக்கட்டும். மழைக்கோட்டு, காலணி, அட்டைக்கடி உறை, வாக்கிடாக்கி பேட்டரி, வேட்டைத் தடுப்பு முகாமின் கூரை, காப்பீடு இவற்றுக்குக் கட்டணக் காசு போகட்டும். வழக்கமான ஒதுக்கீட்டில் கடைசியில் வெட்டுப்படுகிறவை இவைதான்.

இப்போது இந்த மடலின் நடுநாயகமான விஷயத்துக்கு வருகிறோம்: காசு எந்தப் பெட்டியில் விழுகிறது?

வரிக்கும் கட்டணத்துக்கும் உள்ள வேறுபாட்டை இந்திய நீதித்துறை விளக்கியதே நம் மாகாணத்து வழக்கு ஒன்றில்தான். 1954இல் சிரூர் மடம் வழக்கில், சென்னை இந்து சமய அறநிலையச் சட்டத்தின் கீழ் மடங்களிடம் வாங்கிய தொகை அரசின் தொகுப்பு நிதியில் கலந்துவிடுவதையும், வாங்கிய நோக்கத்துக்கென்று தனியே ஒதுக்கப்படாததையும் சுட்டிக்காட்டிய உச்சநீதிமன்றம், அது கட்டணம் இல்லை, வரி என்றது. பின்னாள் தீர்ப்புகள் அந்த அளவுகோலைத் தளர்த்தியிருக்கின்றன. ஆனாலும் அதன் பொது அறிவு இன்றும் செல்லும். பசுமை என்று பெயர் வைத்து வாங்கி, மற்றக் காசோடு கலந்துவிட்டால் பசுமை பெயரில் மட்டும்தான் இருக்கும்.

புலிகள் காப்பகங்களுக்கு இந்தச் சிக்கலைச் சட்டமே தீர்த்துவைத்திருக்கிறது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2006இல் சேர்த்த 38எக்ஸ் பிரிவு, ஒவ்வொரு காப்பகத்துக்கும் ஒரு புலிகள் பாதுகாப்பு அறக்கட்டளை அமைக்கச் சொல்கிறது. காப்பகத்தில் வசூலாகும் நுழைவுக் கட்டணத்தை அங்கேயே திருப்பிப் பயன்படுத்துவதை அதன் நோக்கங்களுள் ஒன்றாக எழுதியிருக்கிறது. முதுமலைக்கு இது பொருந்தும். ஆனால் உதகை பீடபூமியின் பெரும்பகுதி புலிகள் காப்பகம் இல்லை. கொடைக்கானலின் காடு 2013இல் அறிவித்த வனவிலங்குச் சரணாலயம். அதற்கும் 38எக்ஸ் கிடையாது. அதாவது, அதிக வண்டி ஏறும் இடங்களுக்குச் சட்டப் பாதுகாப்புள்ள பெட்டி இல்லை. எனவே ஒவ்வொரு மலைக்கும் 1975 தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் ஒரு தனிச் சங்கம் பதிவு செய்து, இ-பாஸ் கட்டணம் நேரே அதன் கணக்கில் விழும்படி அரசாணை போடுங்கள். சங்கத்தின் குழுவில் வனத்துறை, மாவட்ட நிர்வாகம், நகராட்சியோடு கிராமசபைகளின் சார்பாளர்களுக்குக் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு இடம் வேண்டும்.

தனிக் கணக்கு ஏன் இத்தனை முக்கியம் என்பது நாட்காட்டியைப் பார்த்தால் புரியும். வரவு குவிவது ஏப்ரலிலிருந்து ஜூன் வரை. உண்ணிச்செடி பிடுங்க ஏற்ற காலம் ஜூன், ஜூலை. மழையில் மண் இளகியிருக்கும். காட்டுத்தீ பரவாதபடி புல்லையும் புதரையும் அகற்றித் தீத்தடுப்புக் கோடு வெட்ட வேண்டியது டிசம்பரிலும் ஜனவரியிலும், புல் காய்ந்து சருகு சேரும் முன். அரசு நிதியாண்டோ மார்ச் 31இல் முடிகிறது. ஒதுக்கீடு பல படி இறங்கி வனச்சரகத்துக்குப் பிப்ரவரியிலோ மார்ச்சிலோ வந்தால், கோடு வெட்ட வேண்டிய இடம் அதற்குள் எரிந்திருக்கும். செலவழியாத பணத்தை மார்ச் கடைசியில் திருப்பி ஒப்படைக்க வேண்டும்; ஏப்ரலில் தீ வரும்போது கையில் காசிருக்காது. காலாவதியாகாத கணக்கு ஒன்று இருந்தால் மே மாதக் காரின் இருநூறு ரூபாய் டிசம்பர் மாதத் தீத்தடுப்புக் கோட்டுக்குப் போய்ச்சேரும்.

காட்டு வேலையின் நுணுக்கத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. காசு கிடைத்ததும் முதலில் ஒரு ஜேசிபியைக் கொண்டுவந்து நிறுத்தும் பழக்கம் நம்மிடம் உண்டு. உண்ணிச்செடியை அரிவாளால் வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து இரண்டு மடங்காகத் தழைக்கும். எரித்தாலும் அப்படியே. தரைமட்டத்துக்கு மூன்று முதல் ஐந்து சென்டிமீட்டர் கீழே ஆணிவேரை வெட்டி, புதரைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்து உலரவிட வேண்டும். காய் பழுக்கும் முன் முடிக்க வேண்டும். பறவைகள் வந்து உட்காரும் மரங்களின் அடியில் எச்சத்தோடு விழுந்த விதைகள் முளைக்கும்; அடுத்த இரண்டு மூன்று மழைக்கு அந்த இடங்களுக்குத் திரும்பப் போய் நாற்றைப் பிடுங்க வேண்டும். வெற்று மண்ணில் உடனே நாட்டுப் புல்லை விதைக்காவிட்டால் இன்னொரு களை ஏறும்.

முதுமலைப் பக்கம் பரவியிருக்கும் சென்னா ஸ்பெக்டாபிலிஸ், மஞ்சளாகப் பூத்துச் சுற்றுலாப் பயணிகளின் படத்தில் அழகாக விழும் மரம், இன்னும் பிடிவாதமானது. வெட்டினால் அடியிலிருந்து கொத்தாகத் துளிர்க்கும். நெஞ்சளவு உயரத்திலிருந்து வேர்க்கழுத்து வரை பட்டையை முழுச்சுற்றாக உரித்து நின்றபடியே காயவிட வேண்டும். விரலகலப் பட்டை விட்டுப்போனாலும் மரம் பிழைத்துக்கொள்ளும். உதகைப் பீடபூமியின் சீகை (வாட்டில்) மரத்தில் வேறு சிக்கல்: விதை மண்ணில் பல பத்தாண்டு உயிரோடு கிடக்கும், தீ பட்டால் எழும்பும். மரத்தை வெட்டி விற்றுவிட்டுப் போனால் ஐந்தாண்டில் முன்பைவிட அடர்ந்த சீகைப் புதர்தான் நிற்கும்.

இந்த மூன்றிலும் பொதுவான ஒன்று உண்டு. முதல் ஆண்டுச் செலவு பார்வைக்குப் பெரிது. வெற்றியைத் தீர்மானிப்பது இரண்டாம், மூன்றாம், நான்காம் ஆண்டின் சிறு செலவு. ஓராண்டு டெண்டர் முறை இதை ஒருபோதும் செய்து முடிக்காது. அரசு 2022இல் அயல் தாவரங்களை அகற்றுவதற்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. கொள்கை இருக்கிறது; நாலாவது ஆண்டு நாற்றுப் பிடுங்கும் கூலிக்குக் காசு வேண்டும். சுற்றுலாக் கட்டணம் போல ஆண்டு தவறாமல் கொஞ்சம் கொஞ்சமாக வரும் வருமானத்துக்கு இதைவிடப் பொருத்தமான செலவு கிடையாது.

எதற்குச் செலவழிக்கக் கூடாது என்ற பட்டியலையும் அரசாணையிலேயே எழுதிவிடுங்கள். அலங்கார வளைவு, செல்பி மேடை, சிமெண்ட் யானை, அமைச்சர் வருகைக்குச் சாமியானா, புதுச் சாலை, வாகன நிறுத்தத்துக்குக் கான்கிரீட் தளம். கூடவே ஒன்று: புல்வெளியில் மரம் நடும் விழா. மேல்மலையில் சோலைக்காடும் புல்வெளியும் சேர்ந்துதான் ஒரு காடு. சோலை பள்ளத்தில் நிற்கும், புல் மேட்டை மூடும், வரையாடு மேட்டில் மேயும். புல்லைத் தரிசு என்று எண்ணி ஒரு காலத்தில் கற்பூர மரத்தையும் (யூகலிப்டஸ்) சீகையையும் பைனையும் நட்டதன் பலனைத்தான் இப்போது காசு கொடுத்துப் பிடுங்குகிறோம். சுற்றுலாப் பயணியின் காசில் அதே தவறை மறுபடி நட வேண்டாம்.

வசூல் முறையில் தடுக்கிவிழக்கூடிய இடங்கள் சிலவும் உண்டு. சாவடியில் ரொக்கம் வாங்குவது முதல் பிழை. சில்லறை, சீட்டு, வாக்குவாதம் எல்லாம் சேர்த்து ஒரு வண்டிக்கு 40 வினாடி என்றால் ஒரு தடத்தில் மணிக்கு 90 வண்டிதான் நகரும். சனிக்கிழமை காலை நாலு மணி நேரத்தில் 1,000 வண்டி வந்தால் 360 போகும், 640 நிற்கும். வண்டிக்கு ஆறு மீட்டர் என்றால் நாலு கிலோமீட்டர் வரிசை. கல்லாறு பக்கம் அந்த வரிசை நிற்குமிடம் யானைகள் சாலையைக் கடக்கும் இடம். காட்டைக் காக்க வாங்கும் கட்டணம் யானை வழியை அடைத்து நிற்கும்! ஆகவே காசு இ-பாஸோடு முன்கூட்டியே வர வேண்டும். சாவடியில் கேமரா எண் பலகையைப் படிக்கும். பாஸ் இல்லாத வண்டிக்கு ஃபாஸ்டேக்கில் ஒன்றரை மடங்கு கழியும். பனியிலும் சேறு படிந்த பலகையிலும் கேமரா தவறும் என்பதால் இரண்டு கோணத்தில் இரண்டு கேமரா வையுங்கள். தவறிய வண்டியைச் சாவடியிலேயே மறிக்காமல், அகலமான இடத்தில் ஓரம்கட்டிப் பாருங்கள். வரம்பு நிரம்பிய நாளில் திருப்பி அனுப்புவதை மேட்டுப்பாளையத்திலும் வத்தலக்குண்டிலும் முடித்துவிட வேண்டும். பாதி மலை ஏறிய வண்டியைத் திருப்ப இடமே கிடையாது. கக்கநல்லா, நாடுகாணி, பாட்டவயல் போன்ற எல்லைச் சாவடிகளில் கைபேசி அலை விட்டுவிட்டு வரும் என்பதால், அன்றைய பாஸ் பட்டியலைக் காலையிலேயே இறக்கி வைத்துக்கொள்ளும் வசதி வேண்டும்.

வசூலை ஏலம் விடாதீர்கள். ஏலம் எடுத்தவர் ஒரு தொகையைக் கட்டிவிட்டு மீதியைத் தமதாக்குபவர். ஒவ்வொரு கூடுதல் வண்டியும் அவருக்கு லாபம். உச்சவரம்பு வைத்த கையாலேயே அதை உடைக்கும் ஆளை நியமிப்பது போல ஆகும்.

அடுத்தது, தடை செய்ய வேண்டியதற்கு விலை வைக்கும் பழக்கம். கொடைக்கானலில் 2024இல் ஐந்து லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிக்கு 20 ரூபாய் பசுமை வரி வந்தது. நோக்கம் நல்லதுதான். ஆனால் கட்டியவர் மனதில் அது அனுமதிச் சீட்டாகிவிடும்: காசு கொடுத்தாச்சு, இனி புட்டி என் உரிமை. இதற்கு நேர் எதிரான அனுபவமும் நம்மிடமே இருக்கிறது. உயர்நீதிமன்றம் சொன்னபடி 2022 மே மாதம் நீலகிரியில் டாஸ்மாக் மதுப்புட்டிக்குக் கூடுதலாகப் பத்து ரூபாய் வாங்கி, காலிப்புட்டி திரும்ப வந்தால் அதைக் கொடுக்கும் திட்டம் தொடங்கியது. புட்டிகளில் பெரும்பகுதி கடைக்கே திரும்பியது. குடித்தவர் வீசிப்போனாலும் வேறொருவர் பொறுக்கிக் கொண்டுவந்து கொடுத்தார். காட்டோரம் உடைந்து கிடக்கும் புட்டிச் சில்லு யானையின் காலில் ஏறினால் என்ன ஆகும் என்பது வனத்துறைக்கு நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்தத் திட்டம் வென்றதற்குக் காரணம், வாங்கிய பத்து ரூபாய் திரும்பக் கிடைக்கும் என்பது. குப்பைக்கு வைப்புத்தொகை, வண்டிக்குக் கட்டணம். இரண்டையும் குழப்பாமல் இருந்தால் சரி.

உள்ளூர்ப் பங்கு பற்றி. நீலகிரியில் தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர். கொடைக்கானல் மலையில் பளியர், புலையர். இவர்களுக்கு வண்டிக் கூட்டம் தருவது நெரிசலும் குப்பையும் குரங்குத் தொல்லையும். வருமானம் பெரும்பாலும் லாட்ஜுகளுக்கு. வசூலில் 30 விழுக்காடு நேரடியாகக் கிராமசபைகளுக்கும் சூழல் மேம்பாட்டுக் குழுக்களுக்கும் போக வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. ருவாண்டா 2005இல் 5 விழுக்காட்டில் தொடங்கி 2017இல் 10 ஆக்கியது. கலாபகஸ் தீவுகளுக்கு ஈக்வடார் 1998இல் போட்ட தனிச் சட்டம், நுழைவுக் கட்டணத்தில் பூங்காவுக்கு 40 விழுக்காடு, நகராட்சிகளுக்கு இவ்வளவு, தனிமைப்படுத்தல் ஆய்வுக்கு இவ்வளவு என்று பங்கீட்டைச் சட்டத்திலேயே எழுதிவிட்டது. அதிகாரி மாறினாலும் பங்கு மாறாது. அவ்வளவு தூரம் போவானேன், குமுளிக்கு அந்தப் பக்கம் பெரியார் புலிகள் காப்பகம் இருக்கிறது. நுழைவுச் சீட்டோடு சூழல் மேம்பாட்டுக்கென ஒரு கூடுதல் தொகை வாங்கி, 2004இல் அமைந்த பெரியார் அறக்கட்டளையின் வழியாகச் செலவழிக்கிறார்கள். ஒரு காலத்தில் கருவாப்பட்டை வெட்டிக் கடத்தியவர்கள் அங்கே வழிகாட்டிகளாகவும் ரோந்து போகிறவர்களாகவும் ஆனது அந்த மாதிரி ஏற்பாட்டால்தான். தேனி மாவட்டத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணம். ஒருமுறை போய்க் கணக்குப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு வரலாம்.

உள்ளூர்ப் பங்கில் ஒரு பகுதியைப் பயிர்ச்சேத முன்பணத்துக்கு வையுங்கள். காட்டுமாடு காரட் வயலை மேய்ந்தால், யானை வாழையைச் சாய்த்தால், அரசு இழப்பீடு வர மாதங்கள் ஆகின்றன. சங்கம் 15 நாளில் பாதித் தொகையை முன்பணமாகக் கொடுத்து, அரசுப் பணம் வந்ததும் கழித்துக்கொள்ளட்டும். சுழல்நிதி என்பதால் செலவு குறைவு. காத்திருக்கும் மாதங்களில்தான் வேலியில் கள்ள மின்சாரம் ஏறுகிறது.

மீதியைப் பற்றிச் சுருக்கமாக: காட்டு வேலைக்கு 35, குப்பைக்கும் தூய்மைப் பணியாளர்களுக்கும் 20, சேமிப்புக்கு 15. வசூல் செலவு மொத்தத்தில் 5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அது முதலில் கழியட்டும். சேமிப்பு ஓராண்டு வரவின் பாதியை எட்டும் வரை அதைத் தொடாதீர்கள்.

கட்டணம் வந்துவிட்டதே என்று வழக்கமான பட்ஜெட்டைக் குறைக்கும் ஆபத்து பெரிது. கடந்த மூன்று ஆண்டுகளின் சராசரி ஒதுக்கீடு அடிக்கோடு. அதற்குக் கீழே ஒதுக்கீடு போனால் சங்கம் அந்தச் செலவுத் தலைப்பில் செலவழிக்காது என்று விதி எழுதுங்கள். நிதித்துறைக்கு இது பிடிக்காது. அதனால்தான் எழுத்தில் கேட்கிறோம்.

கட்டணத்தைப் பின்னால் ஏற்றுவதாக இருந்தால் ஓராண்டு முன்னறிவிப்புக் கொடுங்கள். பூட்டான், வெளிநாட்டுப் பயணியிடம் நாளொன்றுக்கு 65 டாலராக இருந்த நீடித்த வளர்ச்சிக் கட்டணத்தை 2022 செப்டம்பரில் 200 ஆக்கியது. ஓராண்டில் 100க்கு இறங்கியது. இடைப்பட்ட காலத்தில் அடிபட்டது ஓட்டுநரும் வழிகாட்டியும் சிறு விடுதிக்காரரும்.

கணக்கை வெளியிடுவது பற்றி ஒரே வேண்டுகோள். ஆண்டறிக்கை வேண்டாம், அதை யாரும் படிப்பதில்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் சாவடியிலும் இ-பாஸ் தளத்திலும் ஒரு பலகை: சென்ற வாரம் எத்தனை வண்டி, எவ்வளவு வசூல், எந்த வனச்சரகத்தில் எத்தனை ஹெக்டேர் உண்ணிச்செடி அகற்றப்பட்டது, எத்தனை கிலோமீட்டர் தீத்தடுப்புக் கோடு, எந்தக் கிராமசபைக்கு எவ்வளவு, மீதி எவ்வளவு. அகற்றிய இடத்தின் வரைபடமும், ஓராண்டு கழித்து அதே இடத்தில் எடுத்த படமும். பாஸ் எடுத்தவரின் கைபேசிக்கு அந்த வரைபடம் ஒரு குறுஞ்செய்தியாகப் போகலாம். செலவு பைசாக் கணக்கு.

காலக்கெடு ஒன்று இயற்கையே வைத்திருக்கிறது. 2006, 2018 என்று பூத்த நீலக்குறிஞ்சி அடுத்து 2030இல் கொடைக்கானல் மலையிலும் மூணாறு பக்கமும் பூக்கும். அந்தச் சில மாதங்களில் ஏறப்போகும் கூட்டம் வழக்கமான மே மாதத்தைப் போலிருக்காது. குறிஞ்சிச் செடி பூத்து, விதை உதிர்த்து, பிறகு மடியும். விதை விழும் முன் மிதிபட்ட சரிவில் அடுத்த பூவுக்கு விதையே இருக்காது. பூக்கும் சரிவுகளைச் சுற்றிக் கயிற்று வேலி, நடைபாதை, நாளொன்றுக்கு எத்தனை பேர் என்ற கணக்கு, காவலுக்கு உள்ளூர் இளைஞர்கள், விதை உதிரும் வரை மூடி வைக்கும் இடங்களின் பட்டியல் எல்லாம் 2029 டிசம்பருக்குள் தயாராக வேண்டும். அதற்கு மூன்று ஆண்டுச் சேமிப்பாவது கணக்கில் இருக்க வேண்டும். ஆகவே சங்கப் பதிவையும் அரசாணையையும் அடுத்த சீசன் தொடங்கும் முன் முடித்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். வரைவு விதிகளும் செலவுத் தலைப்புகளும் எங்களிடம் எழுதித் தயாராக உள்ளன, அழைத்தால் கொண்டுவருகிறோம்.

இப்படிக்கு,
நீலகிரி, கொடைக்கானல் மலைகளின் காட்டு வேலையும் கணக்கும் அறிந்த சிலர்